கடைசி இடத்தில் பதினாலு

1

குவைத்தில் என் பெயர் பதினாலு. நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் எண் அது. பிள்ளைகள் ‘ஃபோர்டீன் அங்கிள்’ என்கிறார்கள். பள்ளி வாசலில் நிற்கும் எகிப்துக்காரக் காவலாளி அரபியில் ‘அர்பத்தாஷ்’ என்று கூவிக் கையசைத்தால் நான் வண்டியை உள்ளே விட வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட, என் அறையில் தங்கியிருக்கும் கடப்பாக்காரர் பாஷா ஒருவர்தான் உண்டு. கோபம் வந்தால் அவரும் பதினாலு என்றுதான் கூப்பிடுவார்.

போன மாதம் அந்தப் பெயரால் ஒரு சங்கடம் வந்தது. ஆந்திராவில், நகரியில் இருக்கும் என் மகள் சுகன்யா சில நாள் என் போனையே எடுக்கவில்லை. அவள் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டுக்கும் நான்தான் காரணம். கடல் தாண்டி ஒரு பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவன் ஊரில் இருக்கும் வகுப்பறையில் எதைக் கெடுத்துவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2

சுகன்யா விஜயபுரம் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு டீச்சர். ஏழாம் வகுப்பில் எட்டே பிள்ளைகள். மற்ற பிரிவுகள் தெலுங்கு, இங்கிலீஷ். நகரியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அந்த ரோட்டில் டிராக்டர்காரர்கள் ஒதுங்காமல் வருவார்களே என்று இங்கிருந்து நான் கவலைப்படுவேன். ‘போய் சேந்துட்டேன்’ என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குக் காலை டீ இறங்கும். அவளுக்கு அது எரிச்சல். சில நாள் வெறும் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவாள்.

எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். நான் குவைத்துக்கு வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். லீவில் போகும்போதெல்லாம் ஒரு புதுப் பெண்ணைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒருமுறை திருமலைக்குப் போனபோது, வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த ஆட்களைப் பார்த்து வாய் தவறி ‘யல்லா, யல்லா’ என்று அரபியில் விரட்டிவிட்டேன். அவள் என்னைத் தெரியாதவள்போல நாலு ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அப்போது அவள் பத்தாவது.

போன வருடம் லீவுக்கு முன்னால் அவளாகவே கூப்பிட்டாள். “நைனா, சென்ட்டு, சாக்லெட்டெல்லாம் வேணாம். அங்க யாராண்டனா பழைய போன் இருந்தா எடுத்துகினு வா. ஒடஞ்சிருந்தாலும் பரவால்ல” என்றாள். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு அறையாகத் தட்டினேன். கீறல் விழுந்தது, பட்டன் போனது, பின்மூடி இல்லாதது என்று சேர்ந்தன. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து, இத்தனை போன் எதற்கு என்றார். பிள்ளைகள் படிக்க என்றேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எட்டு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துக் காட்டச் சொன்னார். பாதி போன்களில் சார்ஜ் இல்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே ஒரு பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே என் மனைவி, என்னைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் போன்களை வைத்து சுகன்யா வகுப்பு நடத்த ஆரம்பித்தாள். எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை. ஒன்றில், பிள்ளைகள் வெளியே போய் இலை, பூச்சி, கல் என்று படம் எடுத்து அனுப்பினால், வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் அது போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று வினாடி வினா. கேள்வி போனிலும் டிவியிலும் வரும். கீழே நாலு வண்ணக் கட்டங்கள். மேலே ஒரு கோடு குறைந்துகொண்டே ஓடும். கோடு முடிவதற்குள் அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் புள்ளி அதிகம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்கும். பாஷா கொடுத்த போனில் தொழுகை நேரத்து அலாரம் இருந்தது. அது முதல் நாள் வகுப்பு நடுவில் ஒலிக்க, பிரேயர் பெல் என்று நினைத்து எட்டுப் பேரும் எழுந்து கைகட்டி நின்றுவிட்டார்களாம்.

அவள் சிரித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். எப்படி நடக்கிறது என்று நீயே பார் என வகுப்பின் இணைப்பையும் எனக்கு அனுப்பினாள். ஒருநாள் பார்க்கத்தான் அனுப்பினாள். அது தினமும் திறக்கும் இணைப்பு என்பதை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைப் பள்ளி மைதானத்தில் ஓரங்கட்டி, சீட்டுக்கடியில் யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று கடைசி வரிசை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தால், எனக்கு மதியம் வரை வேலை இல்லை. அப்போது ஊரில் சுகன்யாவுக்கு மூன்றாவது பீரியட். இணைப்பை அழுத்தினேன். பெயர் என்ன என்று கேட்டது. 14 என்று போட்டேன்.

3

யார் அந்தப் பதினாலு என்று பிள்ளைகளுக்குள் பெரிய பேச்சாம். மேலதிகாரி ஒளிந்திருந்து சோதிக்கிறார் என்றான் ஒருவன். அதிகாரியாக இருந்தால் இப்படியா தப்புப் போடுவார் என்றான் இன்னொருவன். ஏதோ கோளாறு, இலவசம் என்றால் அப்படித்தான் என்று சுகன்யா விட்டுவிட்டாள்.

நான் போனது மகளின் வகுப்பைப் பார்க்க. ஆனால் கண் போனது பட்டியலின் அடிக்கு. அங்கே தினமும் ஒரே பெயர்: யமுனா. கேள்வியை அவள் படித்து முடிப்பதற்குள் கோடு முடிந்துவிடுகிறது என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே கதிதான். நானும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்.

அஞ்சாவது வரை நான் தமிழில் படித்தேன். ஆறாவதுக்கு நகரியில் தெலுங்குப் பள்ளியில் போட்டார்கள். அங்கே மாதப் பரீட்சை முடிந்ததும் மார்க் வரிசைப்படி உட்கார வேண்டும். முதல் மார்க் வாசல் பக்கம், கடைசி மார்க் சுவரோரம். சுவரோரம் என் இடம். புது மாதம் வரும், மார்க் வரும், எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள். நான் மட்டும் எழுந்திருக்கத் தேவையில்லை. ஏழாவதின் பாதியில் ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏன் என்று வீட்டுக்கு வந்து யாரும் கேட்கவில்லை. பவர்லூம் கொட்டகையில் நூல் சுற்றப் போனேன். பிறகு லாரி கிளீனர், பிறகு திருப்பதியிலிருந்து மலைக்கு ஜீப், பிறகு ஊரில் வீட்டுக்கொருவர் குவைத்துக்குக் கிளம்பிய காலத்தில் நானும் ஒருவன்.

யமுனா மூன்று நாள் வரவில்லை என்று சுகன்யா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. வயிற்று வலி என்று சொன்னாளாம். இருக்கலாம். எனக்கும் அப்போது வயிறு வலித்தது.

அவள் திரும்பி வந்த நாளிலிருந்து நான் கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டேன். கேட்க சுலபமாக இருக்கும். தப்பாக அழுத்துவதற்கும் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தப்பு என்று நினைத்து அழுத்தியது சரியாகி நான் யமுனாவைத் தாண்டிப் போன நாட்கள் உண்டு. அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் எதையும் அழுத்தாமல் கோடு முடியும்வரை சும்மா இருப்பதே நல்லது என்று கற்றுக்கொண்டேன். பட்டியலில் யமுனா, அவளுக்குக் கீழே பதினாலு. கொஞ்ச நாளில் அவள் பெயர் தானாகவே மேலே நகர ஆரம்பித்தது. ஒருநாள் ஐந்தாவது இடம். இங்கே அன்று புழுதிக்காற்று, எதிரே வண்டி தெரியவில்லை. மற்ற டிரைவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அறைக்குப் போயும் அந்தச் சிரிப்பு போகவில்லை. “ஏம்ப்பா, லாட்டரி அடிச்சுதா?” என்றார் பாஷா.

4

இங்கே பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மறுபடியும் சாலைக் குறிகள் தேர்வு வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் படம் வரும், கீழே விடைகள். அரபி, இங்கிலீஷ், உருது, இன்னும் சில மொழிகள் இருந்தன; தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. தோற்றால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று வதந்தி. இந்த வயதில் இறக்கிவிட்டால் எங்கே போவது? எழுத்தைப் படித்து நம்மால் ஆகாது என்று, படத்தையும் அதன் விடை எழுத்தின் தோற்றத்தையும் மனப்பாடமாக்கி, பார்த்ததும் விரல் போகும்படி பாஷாவை வைத்துப் பழகினேன். அவர் சமைத்துக்கொண்டே ஒவ்வொரு படமாகக் காட்டுவார். நான் அழுத்த வேண்டும். தப்பினால் கரண்டியால் தட்டுவார். தேர்வில் தேறினேன். அந்த வாரமே, சொல்லிவைத்ததுபோல, சுகன்யா சாலைப் பாதுகாப்புப் பாடத்துக்கு வினாடி வினா வைத்தாள்.

முதல் கேள்வியே சிவப்பு முக்கோணத்துக்குள் இரண்டு பிள்ளைகள் ஓடும் படம். கீழே ஒற்றைச் சொல்லாக விடைகள். விரல் போய்விட்டது. அடுத்தது வழுக்கும் சாலை. அடுத்தது முந்தக் கூடாது. எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோடு நகர்வதற்குள் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆறு கேள்விகள் போன பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். உச்சியில் பதினாலு. அடியில் யமுனா.

பயந்துபோய் மிச்சக் கேள்விகளுக்கு எதையும் அழுத்தாமல் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. அதுவரை மின்னலாக அடித்தவன் சட்டென்று கல்லாக உட்கார்ந்துவிட்டான். வேறு யாரும் கவனித்தார்களோ என்னவோ, அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

5

மதியம் பிள்ளைகளை ஏற்றப் போவதற்கு முன் சுகன்யா கூப்பிட்டாள்.

“நைனா, பதினாலு நீதானா?”

எந்தப் பதினாலு என்றேன்.

“நடிக்காத. வழுக்கற ரோடு போர்டை அரை செகண்டுல அமுக்க எங்க ஸ்கூல்ல யாருக்கு வரும்? எச்.எம்.மே அதப் பாத்துட்டு, இன்னா மேடம் கார் பின்னால ரெண்டு பாம்பு வருதுன்னாரு. எத்தினி நாளா இது?”

சங்கராந்தி முடிந்ததிலிருந்து என்றேன். எதுக்கு என்றாள். உன் கிளாஸைப் பாக்கலாம்னு என்றேன். பின்னால் ஏதோ பிள்ளைகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“யமுனா என்னை இன்னா கேட்டா தெரியுமா?” என்றாள். “‘மிஸ், பதினாலு எனக்கோசரம் வேணும்னே தோத்துகினு இருந்தாங்களா’ன்னா. நான் இன்னா சொல்லுவேன்? பசங்க வேற, உன்கூட இருந்தவனே உன்னை உட்டுட்டு பூட்டான்னு கிண்டல். பையை எடுத்துகினு போனவதான். கோடு ஓடறது அவளை இந்தப் பாடு படுத்துதுன்னு எனக்குத் தெரியல நைனா. உனக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். அதை நிறுத்த ஒரு பட்டன் கீது.”

ஒரு பட்டன். எனக்கு அது தெரியாது. இருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை. வரிசையில் கடைசி என்று ஒன்று இருந்தே தீரும், அதில் யாராவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றே நான் நம்பியிருந்தேன்.

தலைமையாசிரியர் யார் இந்தப் பதினாலு என்று, ‘எவரு மேடம் ஈ ஃபோர்டீன்?’ எனத் தெலுங்கில் கேட்டு, அவளிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார். பிள்ளைகளின் வகுப்புக்குள் வெளியாள் ஒருவர் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார், அது யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாமே என்றாராம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் பஸ் கதவுக்குப் பக்கத்தில் தெரியாத ஆள் ஒரு நிமிடம் நின்றால் நான் விடுவேனா? இணைப்பை மாற்றிப் பூட்டினார்கள். பெயர் இருக்கும் பிள்ளைகள் மட்டுமே உள்ளே போக முடியும். அதன் பிறகுதான் அவள் என் போனை எடுக்கவில்லை.

யமுனா வரவில்லை. வேர்க்கடலை பிடுங்கும் நேரம்; அம்மாவோடு காட்டுக்குப் போகிறாள் என்று என் மனைவி வழியாகத் தெரிந்தது. கடலைக்காடு ஒருமுறை பழகிவிட்டால் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரமாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நூல் சுற்றும் கொட்டகையும் அப்படித்தான் இருந்தது. அங்கே யாரும் மார்க் வாசிக்கவில்லை. அதுவே சொர்க்கமாகத் தெரிந்தது.

பிள்ளைகள் ஏறும்போது எண்ணி ஏற்றுவது என் வேலை. அந்த வாரம் இரண்டு முறை எண்ணியும் ஒன்று குறைகிறதே என்று பதறி, வண்டியை நிறுத்தி, மறுபடி எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள்.

6

சனிக்கிழமை சுகன்யா யமுனாவின் வீட்டுக்குப் போனாள். எனக்கு நடக்காத ஒன்று அந்தப் பிள்ளைக்கு நடந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாக்காரி, “நான் இன்னா மேடம் பண்ணட்டும், அவளே வரமாட்டேங்கறா” என்று கைவிரித்திருக்கிறாள். யமுனா தலை நிமிராமல் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். கிளம்பும்போது மட்டும், பதினாலு யார் என்று கேட்டாளாம். எங்க நைனா, குவைத்துல ஸ்கூல் பஸ் ஓட்றாரு, ஏழாவது பாதியில நின்னுட்டாரு என்று சுகன்யா உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண், அப்படியென்றால் அவர் என்னோடு நிஜமாக ஆடட்டும், கோடு ஓடக்கூடாது என்றாளாம்.

இதைச் சொல்லத்தான் என் மகள் என்னைக் கூப்பிட்டாள். “நாளைக்கி பத்தரைக்கு. எச்.எம்.மாண்ட சொல்லிட்டேன். அவ வீட்லயே நான் பக்கத்துல இருப்பேன். நைனா, ஒண்ணு. உட்டுக்குடுத்த, அப்புறம் அவ எப்பவும் வரமாட்டா.”

ஞாயிறு இங்கே வேலை நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கவலை. தோற்றால் நடிப்பு என்று நினைப்பாளோ என்று இன்னொரு கவலை. கேள்விகள் ஏழாவது அறிவியல், தமிழ். கோடு இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். எனக்குத் தெரிந்த எதையும் நான் மறைக்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் யமுனா மேலே, நான் கீழே.

கொஞ்ச நேரத்தில் சுகன்யாவின் போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அந்தப் பெண்ணின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். நினைத்ததைவிடக் கட்டையான குரல்.

“பதினாலு தாத்தா, நெஜமாவே தோத்துட்டீங்களா? இல்ல இதுவும் நடிப்பா?”

நிஜமாகத் தோற்றவன் அதை எப்படி நிரூபிப்பான்? திருமலை மேல் சத்தியமா என்று ஆரம்பித்து அழித்தேன். மறுபடி ஆரம்பித்து மறுபடி அழித்தேன். பிறகு, எனக்குப் புரியாமல் போனதையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். “அம்மா, ஊசித்துளைக் கேமராவுல மரம் தலைகீழா தெரியறது ஏன்னு ஒரு கேள்வி இருந்துச்சே. என் பஸ்ஸுல நாலு கண்ணாடி கீது. ஒண்ணுலகூட எதுவும் தலைகீழா தெரியல. அது இன்னான்னே எனக்குப் புரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு” என்று பேசி அனுப்பினேன்.

பதில் வர நேரமானது. மைதானத்தில் நிழல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

“எனக்கும் தெரியாது தாத்தா. நேர்கோடுன்னு புக்குல இருந்துச்சு, அதை அமுக்கினேன். மிஸ்ஸைக் கேட்டா வாயால சொன்னா புரியாதுன்றாங்க. பொட்டியில ஓட்டை போட்டுப் பாக்கணுமாம், ஸ்கூல்ல கீதாம் பொட்டி. பாத்துட்டு நாளைக்கி சொல்றேன்.”

திங்கட்கிழமை மூன்றாவது பீரியடுக்கு நான் கையில் போனோடு இருந்தேன். கட்டைவிரல் படம்கூட வரவில்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. யமுனா பள்ளிக்கூடம் வரவில்லை என்றே தீர்மானித்துவிட்டேன். நான் சுத்தமான துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் போன் அதிர்ந்தது. முதலில் பெஞ்சு இழுபடும் சத்தம். யாரோ ‘தள்றா, எனக்குக் காட்டு’ என்கிறான். என் மகள் ஒருவனைப் பெயர் சொல்லி அதட்டுகிறாள். அதற்கு நடுவில் அந்தக் கட்டைக் குரல்.

“தாத்தா, வெளிச்சம் வளையாதாம். நேராதான் போவுமாம். மரத்து மேல இருந்து வர்றது ஓட்டையில பூந்து கீழ போவுது, கீழ இருந்து வர்றது மேல போவுது. நான் பாத்தேன். எங்க ஸ்கூல் வேப்ப மரம் தலைகீழா கீது. உங்களுக்கு வேற இன்னா தெரியாது? கேளுங்க, நாளைக்கி சொல்றேன்.”

பாஷாவுக்குப் போட்டுக் காட்டினேன். “பெரிய வாத்தியாரம்மாதான்” என்றார்.

கடலை பிடுங்குவது இன்னும் முடியவில்லை. அம்மாக்காரி எப்போது மனம் மாறி யமுனாவை மறுபடி காட்டுக்குக் கூப்பிடுவாளோ தெரியாது. அந்தப் பழைய போன்களில் ஒன்றின் பாட்டரி உப்பிக்கொண்டிருக்கிறது என்று சுகன்யா சொல்கிறாள். வெடித்துவிடுமோ என்று ஒரு கவலை. இலவசமாகக் கிடைக்கிற இதெல்லாம் எத்தனை காலம் இலவசமாக இருக்கும் என்பதும் தெரியாது. ஆனால் நாளைக்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும், அதற்கு மறுநாளைக்கும் ஒன்று. எனக்குத் தெரியாதது அவ்வளவு கிடக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கவலையில்லை.